கடைசி ஐந்து பேருக்குள்

டிரைடன், ஒன்டாரியோ
1998 செப்டம்பர் 14

அன்புள்ள ஆர்வோ அண்ணனுக்கு,

இங்கே மூவரும் எழுந்து நடமாடுகிறோம். உன் மைத்துனர் வெர்னின் வலது முழங்கால் மட்டும் காகித ஆலையின் மாடிப்படிகளோடு ஒத்துழைக்க மறுக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? ஆட்டவாவில் கோடை இன்னும் முடியவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே முடிந்துவிட்டது.

மகள் கைசாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எட்டு வயதாகிறது, மூன்றாம் வகுப்பு. பேச்சிலும் படிப்பிலும் அவளை யாரும் குறை சொன்னதில்லை. கை கால்தான் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. முதல் வகுப்பில் அவள் கழித்த குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். பதினைந்து நிமிட இடைவேளையில் பனிக்கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, ஜிப், தொப்பி, கையுறை என்று எல்லாவற்றையும் மாட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். உடனே கழற்றத் தொடங்குவாள். மற்ற பிள்ளைகள் பனியில் விளையாடிய அந்தக் குளிர்காலம் முழுவதும் இவள் கோட்டு அறையில் உடுத்திக் கழற்றினாள்.

போன வருடம் பள்ளியில் திருமதி லகாஸை உதவியாளராகப் போட்டார்கள். அவர் வந்து ஜிப்பை ஏற்றிவிட்டார். அவ்வளவுதான், கைசா வெளியே போனாள். ஒரு நாள் விளையாட்டில் பல் உடைந்து வந்தாள். சந்தோஷத்தில் நான் கேக் செய்தேன்.

இப்போது புது விதி வந்திருக்கிறது. பிள்ளையின் கோப்பில் கோளாறின் பெயர் இருந்தால்தான் உதவியாளர். பெயர் கேட்டு ஒரு மாதம் அலைந்தேன். டாக்டர் மெக்கில்ராய் சொன்னார்: "இதுக்கெல்லாம் பேரா? தடுமாறுற பிள்ளைன்னு போடுவோம். எங்க காலத்துல அப்படித்தான்." ஆறு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வரும் இயன்முறை மருத்துவர் தசைத் தளர்ச்சி என்றார். தண்டர் பேயிலிருந்து தொலைபேசியில் பேசிய பள்ளி உளவியலாளர் டிஸ்பிராக்சியா என்றார். வகுப்பாசிரியர் ஹாலக் சோம்பல் என்றார். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். நால்வரும் நல்லவர்கள். நால்வரும் பார்த்தது ஒரே குழந்தையைத்தான் என்பதற்கு நான் சாட்சி.

நீ இருபது வருடமாக இந்தச் சொற்களைத்தான் ஆராய்கிறாய். எது சரி? தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ பேசும்போது எனக்குப் புரிகிறது, வைத்த பிறகு புரிவதில்லை. அதனால் எழுதியே அனுப்பு. அஞ்சலட்டை போதும்.

அன்புடன்,
ஐலா


ஆட்டவா
1998 அக்டோபர் 12

அன்புள்ள ஐலா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து திடமாக இருப்பதால் நீயும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். என் ரத்த அழுத்தம் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருக்கிறது. எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

உன் கடிதம் மிகவும் பயனுள்ளது. நீ திரட்டிய நான்கு சொற்களும் என் ஆய்வில் இருக்கின்றன. இவற்றையும் சேர்த்து ஏழு சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று நாடு முழுக்க எண்ணூறு பேரிடம் அஞ்சலில் கேட்டிருக்கிறேன். இதுவரை வந்த பதில்களைப் பார்த்தால், ஒரே சொல்லை மருத்துவர்கள் மூளையில் உள்ள ஒன்றாகவும், இயன்முறையாளர்கள் தசையில் உள்ள ஒன்றாகவும், உளவியலாளர்கள் திட்டமிடலில் உள்ள ஒன்றாகவும், ஆசிரியர்கள் தாயிடம் உள்ள ஒன்றாகவும் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் ஏழு சொற்களுக்கும் எதிரே 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்.

எது சரி என்று கேட்கிறாய். அப்படிக் கேட்கவே கூடாது என்பதுதான் என் கட்டுரையின் முதல் பத்தி. ஆனால் உனக்கு வேண்டியது படிவத்துக்கான சொல். மாகாணக் குழு ஒன்று, ஒன்பது பேர், நானும் அதில் உண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டோம்: வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் கோளாறு. ஜனவரியிலிருந்து பள்ளிகள் இதை மட்டுமே ஏற்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. நூறு பிள்ளைகளைத் திறமைப்படி வரிசையாக நிறுத்தினால் கைசா கடைசி ஐந்து பேருக்குள் வர வேண்டும். வந்தால் சொல் கிடைக்கும்.

வெர்னின் முழங்காலுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
ஆர்வோ


டிரைடன்
1998 நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கிவிட்டது. நீ உப்பைக் குறைத்தாயா?

உன் சொல்லைப் பள்ளியில் சொன்னேன். தலைமையாசிரியைக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்பதால் மறுக்கவும் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் மெக்கில்ராய் மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அதாவது தடுமாறுற பிள்ளை" என்றார்.

சோதனை மார்ச் 9ஆம் தேதி. தண்டர் பேயிலிருந்து ஒருவர் வருவார். அதுவரை திருமதி லகாஸ் இருப்பார், அதற்கு மேல் சோதனை சொல்கிறபடி.

கைசா இதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "பரீட்சையாம்மா? ஃபெயிலாயிட்டா?" என்கிறாள். அதில் என்னதான் செய்யச் சொல்வார்கள்? தெரிந்தால் வீட்டில் கொஞ்சம் பழக்கிப் பயத்தைப் போக்கலாம்.

அன்புடன்,
ஐலா


ஆட்டவா
1998 டிசம்பர் 18

அன்புள்ள ஐலா,

கிறிஸ்துமஸ் உங்கள் மூவருக்கும் சுகமாக அமையட்டும். நான் உப்பைக் குறைத்துவிட்டேன், சாப்பாட்டையும் சேர்த்து.

சோதனையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சொல்லக் கூடாது. அதன் எல்லைகளை இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்பச் சரிபார்த்த மூவரில் நானும் ஒருவன். வெளியே சொல்வதில்லை என்றும், சோதனைக்கு வரும் எந்தக் குடும்பத்துக்கும் ஆலோசனை தருவதில்லை என்றும் கையெழுத்திட்டிருக்கிறேன். தங்கை என்பதற்கு அதில் விலக்கு இல்லை. பார்த்தேன்.

பொதுவாக ஒன்று சொல்லலாம். குழந்தையை *இயல்பாக* இருக்க விடுங்கள். அந்தச் சொல்லை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஆர்வோ


டிரைடன்
1999 ஜனவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டில் நீ நலமாக இருக்க வேண்டும். நான் அனுப்பிய ஏலக்காய் ரொட்டி உடையாமல் வந்ததா? இங்கே இன்று காலை மைனஸ் முப்பத்தாறு. கார் இருமியது, கிளம்பவில்லை.

நீ அடிக்கோடிட்டதை வெர்னிடம் காட்டினேன். "பதறாம இருக்கச் சொல்றாரு. வேறென்ன? படிச்சவங்க நேராச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

நல்ல செய்தி ஒன்று. பக்கத்துத் தெரு டார்லீனின் மகளுக்கு இதே சோதனை நடந்திருக்கிறது. டார்லீன் எதிலும் கையெழுத்திடவில்லை, அதனால் எல்லாம் சொன்னாள். மேலே எறிந்த பையைப் பிடிப்பது, துளைப்பலகையில் கயிறு கோப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சில் ஓட்டுவது. உலர்ந்த அவரையைப் போட்டு நானே ஒரு பை தைத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் சமையலறையில் பயிற்சி. முதல் நாள் பத்தில் ஒன்று பிடித்தாள். அந்த ஒன்றும் சட்டைக் கழுத்துக்குள் தானாக விழுந்தது. இப்போது ஆறு. வெர்ன் வேலையிலிருந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எண்ணிக்கை கேட்கிறார். "ஏய், நம்ம ஊர் ஹாக்கி டீமுக்கு கோல்கீப்பர் கிடைச்சாச்சு. அந்தத் தடியனுங்க பத்துல ரெண்டுகூடப் பிடிக்கிறதில்ல" என்று அவளைத் தோளில் தூக்கினார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டு ஜிப்பை அவளால் இன்னும் ஏற்ற முடியவில்லை. முள்கரண்டியும் பொத்தானும் பழையபடிதான். சோதனையில் இருப்பவை மட்டும் கைக்கு வருகின்றன. ஆனாலும் இது நல்லதுதானே, அண்ணா? முன்பு பரீட்சை என்றால் அழுதவள், இப்போது மார்ச் எப்போது வரும் என்கிறாள். நல்லதுதானே?

அன்புடன்,
ஐலா


டிரைடன்
1999 பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா? உன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். நீ கூட்டத்தில் இருப்பதாகவும் நலமாக இருப்பதாகவும் அந்தப் பெண் சொன்னாள். இரண்டுக்கும் சந்தோஷம்.

கைசா பத்தில் எட்டுக்கு வந்துவிட்டாள். ஒற்றைக் காலில் நின்றபடி பல் தேய்க்கிறாள். குழாயில் ஒருமுறை இடித்துக்கொண்டாள், ஆனால் காலை ஊன்றவில்லை.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். ஒரு வரி எழுது.

ஐலா


ஆட்டவா
1999 மார்ச் 2

அன்புள்ள ஐலா,

என் உடல்நலத்தில் குறையில்லை. ரொட்டி முழுதாக வந்தது. இங்கே உறைந்த கால்வாயில் பனிச்சறுக்கு முடிந்துவிட்டது. பனி மெலிந்துவிட்டதாக நகராட்சி பலகை வைத்த பிறகும் சிலர் இறங்குகிறார்கள்.

உன் ஜனவரி கடிதத்துக்கு மூன்று பதில்கள் எழுதினேன். முதலாவதைச் சகோதரனாக எழுதினேன், அதை அனுப்ப முடியாது. இரண்டாவதைக் குழு உறுப்பினராக எழுதினேன், அதை நீ படிக்க முடியாது. இது மூன்றாவது.

எண்ணூறு பேரில் முந்நூற்றுப் பத்தொன்பது பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். இந்தத் துறையில் இது நல்ல விகிதம். ஏழு சொற்களில் குழு ஏற்றதைத் தவிர எதையும் பாதிப் பேருக்கு மேல் ஒரே பொருளில் புரிந்துகொள்ளவில்லை. குழு ஏற்ற சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதாவது, யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. இது ஒரு தெளிவான தொடக்கம் என்று குழு கருதுகிறது.

கைசாவின் முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. அவளுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
ஆர்வோ


டிரைடன்
1999 மார்ச் 26

அன்புள்ள ஆர்வோ,

நீ நலமாக இருப்பாய். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் சோதனை நாளன்று பகலில் வந்தது. மாலையில்தான் பிரித்தேன்.

சோதனை பள்ளியின் நோயறையில் நடந்தது. வந்தவர் செல்வி பெட்டிக்ரூ, சின்ன வயது, தன்மையானவர். என்னை ஓரத்தில் உட்காரவிட்டார். பையை எறியச் சொன்னதும் கைசா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பத்தில் ஒன்பது. கயிற்றை நாக்கைக் கடித்துக்கொண்டு கோத்து முடித்தாள். முடிந்ததும், "நான் பாஸா?" என்றாள். "ரொம்ப நல்லாப் பண்ணினே, கண்ணு" என்றார் அவர். கைசா இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் நாற்காலியோடு பின்னால் விழுந்தாள். செல்வி பெட்டிக்ரூ அவளைத் தூக்கி நிறுத்தி, தூசியைத் தட்டிவிட்டு, கோப்பை மூடினார். விழுந்ததற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது.

நூறு பேர் வரிசையில் கடைசியிலிருந்து பதினாறாவது. ஐந்துக்குள் வரவில்லை. சொல் கிடையாது.

தாழ்வாரத்தில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார். "வீட்ல பழக்கினீங்களா?"

"ரெண்டு மாசமா."

"பழக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா? பழக்கினா இந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லைங்க. ஆனா மார்க் மார்க்குதான். ஒரு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி செய்யலாம்."

"எங்கண்ணன் இந்தச் சோதனையைச் சரிபார்த்த ஆளு. இயல்பா இருக்க விடுன்னுதான் எழுதினாரு."

"அதைத்தாங்க சொல்லியிருக்காரு" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் டிசம்பர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அடிக்கோடு அழுத்தமாகத்தான் இருக்கிறது. நான் அதை வாழ்த்து என்று நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்குப் பிறகு திருமதி லகாஸ் வேறு பள்ளிக்குப் போகிறார். அங்கே ஒரு பிள்ளைக்குச் சொல் கிடைத்திருக்கிறதாம். வெர்ன் கைசாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், பாஸானதற்கு. உதவியாளர் போவதை அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

நீ கல்வி வாரியத்துக்கு இரண்டு வரி எழுத வேண்டும். பழக்கியதால் வந்த மதிப்பெண், செல்லாது என்று. நீ சொன்னால் கேட்பார்கள்.

ஐலா


ஆட்டவா
1999 மே 5

அன்புள்ள ஐலா,

உங்கள் நலம் குறித்து அடிக்கடி நினைக்கிறேன். எனக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

வாரியத்துக்கு நான் எழுத முடியாது. தாய்மாமன் எழுதினால் அது சான்று ஆகாது, சலுகை ஆகும். குழு உறுப்பினராக எழுதினால், சோதனையின் உள்ளடக்கம் என் வீட்டிலிருந்தே கசிந்தது என்று பொருள்படும். இரண்டையும் வேறொருவர் பெயரில் எழுதலாமா என்றும் யோசித்தேன். யோசித்ததையே எழுதக் கூடாது.

பள்ளி உளவியலாளர் சொன்ன டிஸ்பிராக்சியா என்ற சொல்லை வைத்து விண்ணப்பிக்கலாமே என்று உனக்குத் தோன்றலாம். அதை ஜனவரியோடு நீக்கிவிட்டார்கள். அதை ஒரே பொருளில் புரிந்துகொள்வோர் பத்தில் மூவர்தான் என்று ஓர் ஆய்வு காட்டியதால் நீக்கினார்கள். ஆய்வு என்னுடையது.

கட்டுரை அச்சாகிவிட்டது. ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில், எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் தாய் ஒரே மாதத்தில் திரட்டிய நான்கு சொற்கள் எடுத்துக்காட்டாக வருகின்றன. பெயர் இல்லை. அடிக்குறிப்பில் அந்தத் தாய்க்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. தாள் முடிந்துவிட்டது.

உன் அண்ணன்,
ஆர்வோ


டிரைடன்
1999 நவம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு மாதம் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். தாள் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் பெயருக்குக் கீழே நான்கு விரல் இடம் இருந்தது. கோடை முழுவதும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி. உன் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? வெர்னுக்கு முழங்காலில் கத்தி வைத்தாயிற்று. மரத்துண்டு மாதிரி நடக்கிறார், ஆனால் நடக்கிறார்.

உன் கட்டுரையைப் படித்தேன். நான்காம் பக்கம் நன்றாக இருக்கிறது.

வாரியம் எங்கள் முறையீட்டுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியது. நான் பேசினேன். மூன்று பேர் கேட்டார்கள், தலையசைத்தார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மதிப்பெண் பதினாறு என்று வாசித்தார்கள். அடுத்த சோதனை மார்ச் மாதம். இந்த முறை எனக்குத் தெரியும். அவரைப் பையைப் பிரித்து, அவரையைச் சூப்பில் போட்டுவிட்டேன். துளைப்பலகையை அடுப்பில் எரித்தேன். இனிப் பழக வேண்டாம் என்று கைசாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போதும் என்றேன். சரி என்றாள்.

அக்டோபர் கடைசியில் பனி விழுந்தது. அவளுக்கு இப்போது நான்காம் வகுப்பு. புது ஆசிரியை செல்வி கோவல்சுக், இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு ஜோடிக் கையுமாக இருக்கிறார். போன வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பில் கைசாவைப் பற்றி நிறைய நல்லது சொன்னார். இடைவேளையில் உடுத்திக்கொள்ள முடியாததால் அவளைக் கோட்டு அறையிலேயே இருக்க விடுகிறார்களாம். முதல் வாரம் முயன்றாளாம், பிறகு விட்டுவிட்டாளாம். "ஆனா ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லைங்க. பாவமா இருக்கேன்னு நானும் போய்ப் பாத்தேன். 'நீங்க போங்க மிஸ், எனக்கு இங்க வேலை இருக்கு'ங்குறா."

என்ன வேலை என்று கேட்டேன். கையுறை இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி மேலே எறிந்து பிடிக்கிறாளாம். தினமும் இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். தொந்தரவு செய்ய யாரும் இல்லை. "ஒன்பது வருது. இந்த வயசுல இவ்ளோ விடாமுயற்சியை நான் பாத்ததில்ல" என்றார் செல்வி கோவல்சுக். உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

காரில் வரும்போது அவளிடம் கேட்டேன். பழக வேண்டாம் என்றேனே என்றேன்.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. மார்ச்சுக்குள்ள பத்தும் வந்துரும்மா. போன தடவை ஒண்ணு விட்டுட்டேன்ல, அதான் திருமதி லகாஸை அனுப்பிட்டாங்க. பத்தும் பிடிச்சா திரும்ப வந்துருவாங்கல்ல?"

கார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவாங்க" என்று சொல்லிவிட்டேன், ஆர்வோ.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐலா